16x³ + 54: கனங்களின் கூடுதலில் நடு உறுப்பு ஏன் −6x?

படிப்பாளி:
வணக்கம். 16x³ + 54 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். 16, 54 இரண்டுமே முழுக் கனங்கள் இல்லை. 2-ஐப் பொதுவாக வெளியே எடுத்ததும் 2(8x³ + 27) என்று வந்துவிட்டது. 8x³ = (2x)³, 27 = 3³. அதுவரை சரி. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 2(2x + 3)(4x² − 6x + 9) என்று இருக்கிறது. நடுவில் ஏன் −6x? முதலில் 4x², கடைசியில் 9 என்றால் (2x − 3)²-இல் வருவதுபோல் −12x தானே வர வேண்டும்? அப்புறம், இந்த இருபடிக் கோவையை இன்னும் உடைக்க முடியாதா? எந்த எண்களைப் போட்டாலும் அமையவில்லை.

கணக்கு வாத்தியார்:
பொதுக் காரணியை முதலில் எடுத்தது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். முற்றொருமை இதுதான்: a³ + b³ = (a + b)(a² − ab + b²). மனப்பாடம் செய்வதைவிட ஒரு தடவை பெருக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் அடைப்பை a-ஆல் பெருக்கினால் a³ − a²b + ab².
b-ஆல் பெருக்கினால் a²b − ab² + b³.

கூட்டும்போது a²b உறுப்புகள் இரண்டும் அடிபட்டுப் போகும், ab² உறுப்புகளும் அப்படியே. கனங்கள் மட்டும் மிஞ்சும். இப்படி அடிபட வேண்டுமென்றால் நடுவில் ab ஒரே ஒரு தடவைதான் இருக்க முடியும். −2ab போட்டால் −a²b, −ab² இரண்டும் போகாமல் நிற்கும். உங்கள் கணக்கில் a = 2x, b = 3. ஆகவே ab = 6x.

சந்தேகம் இருந்தால் x = 1 போடுங்கள். 16 + 54 = 70. புத்தக விடையில் 2 × 5 × 7 = 70. −12x வைத்தால் 2 × 5 × 1 = 10 தான் வரும். எந்தக் காரணிப்படுத்தலையும் அரை நிமிடத்தில் இப்படிச் சோதிக்கலாம். ஒரு எண்ணுக்குப் பொருந்துவதால் விடை சரி என்று உறுதியாகாது. பொருந்தாவிட்டால் தவறு என்பது உறுதி.

இரண்டாவது கேள்வி: 4x² − 6x + 9-இன் தன்மைக்காட்டி (நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து 4 × முதல் கெழு × கடைசி உறுப்பு கழித்தது) 36 − 144 = −108. குறை எண், எனவே மெய்யெண் கெழுக்களோடு உடையாது. a² − ab + b² = (a − b/2)² + 3b²/4 என்று எழுதிப் பார்த்தால் காரணம் தெரியும்: இரண்டு வர்க்கங்களின் கூடுதல், b பூச்சியமாக இல்லாதவரை எப்போதும் மிகை.

மாறிலி:
வாத்தியார் சொன்னது a, b ஒருபடியாக இருக்கும்வரை அப்படியே பொருந்தும். படி கூடினால் கவனம் வேண்டும். x⁶ + 27 = (x²)³ + 3³ = (x² + 3)(x⁴ − 3x² + 9). பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் x⁴ − 3x² + 9 = (x² + 3)² − 9x². இது வர்க்கங்களின் வித்தியாசம்! அதனால் (x² + 3x + 3)(x² − 3x + 3) என்று மேலும் பிரியும். x = 1-க்கு 28 = 4 × 7 × 1.

எண்களுக்கும் இதே முற்றொருமை உதவும். இராமானுஜன் எண் 1729 = 12³ + 1³ = 13 × 133. அதே 1729 = 10³ + 9³ = 19 × 91. 133 = 7 × 19, 91 = 7 × 13. இரண்டு கூடுதலும் சேர்ந்து 7 × 13 × 19 என்ற பகாக் காரணிகளைக் கையில் கொடுத்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

படிப்பாளி:
பெருக்கிப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. (x + 2)³ + 27-க்கு a = x + 2, b = 3 என்று வைத்தேன். (x + 5)[(x + 2)² − 3(x + 2) + 9], சுருக்கினால் (x + 5)(x² + x + 7). சரியா ஐயா?

கணக்கு வாத்தியார்:
மிகச் சரி. x = 0 போட்டால் 8 + 27 = 35 = 5 × 7. அடுத்து x⁶ − 64 போட்டுப் பாருங்கள். (x³)² − 8² என்று தொடங்குங்கள். கனங்களின் வித்தியாசமாகத் தொடங்கினால் x⁴ + 4x² + 16 வந்து நிற்கும், அதை மாறிலி காட்டிய வழியில் இன்னொரு முறை உடைக்க வேண்டியிருக்கும்.