லோங்வா கோன்யாக் பேச்சை மொழிபெயர்க்க ஆள் தேவை

நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில், இந்திய–மியான்மர் எல்லைக்கோடு ஊரை மட்டுமன்றி ஊர்த்தலைவரான அங்கின் வீட்டையும் ஊடறுத்துச் செல்லும் லோங்வாவில், கடந்த ஏப்ரல் முதல் வாரம், கோன்யாக் என்னும் நாகா பழங்குடியினரின் வசந்த விழாவான ஆவோலியாங்கின்போது, முகத்தில் பச்சை குத்திய கோன்யாக் முதியவர் ஒருவரின் பேச்சை அவர் அனுமதியுடன் ஜூம் எச்1என் ஒலிப்பதிவுக் கருவியில் 43 நிமிடங்கள் பதிவு செய்தேன். அடுப்பு விறகு வெடிக்கும் ஓசை இடையிடையே வந்தாலும் குரல் தெளிவாகவே உள்ளது, பொருள்தான் விளங்கவில்லை.

அன்று இந்தியில் சுருக்கிச் சொன்ன இளைஞர், எல்லைக்கு அப்பால் உள்ள உறவினர் ஊருக்குச் சென்றபின் 5 மாதங்களாகத் தொடர்பில் இல்லை. கோஹிமா நண்பர் வழியாக வேறு ஊர்க் கோன்யாக்குகள் இருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதால், வாக்சிங் ஊரின் வழக்கை அறிந்த அவர்களுக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. கைப்பேசிச் செயலிகள் வெறும் உளறலைத்தான் தந்தன.

எனக்கு முதன்மையாக வேண்டியது 17ஆம் நிமிடம். கழுத்து மாலையில் தொங்கிய சிறு பித்தளைத் தலைகளைத் தொட்டு அவர் ஏதோ சொல்ல, அடுப்பைச் சுற்றியிருந்த அனைவரும் சிரித்தனர்; இளைஞரும் சிரித்தாரே தவிர, மொழிபெயர்க்கவில்லை.

லோங்வா பேச்சை இந்தியிலோ ஆங்கிலத்திலோ, உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, மொழிபெயர்த்துத் தரக்கூடிய எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா?