‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்ட்’ தமிழில் என்ன?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்ட்’ (importer of record) என்றால், சுங்க ஆவணத்தில் இறக்குமதியாளராகப் பெயர் கொடுத்து, அந்தச் சரக்கின் வரிக்குப் பொறுப்பேற்பவர். இதற்குத் தமிழில் ‘பதிவு இறக்குமதியாளர்’ என்று வைக்கலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல் சின்னது, வாயில் எளிதாக வருகிறது. ஆனாலும் சென்னையில் சுங்கத் தரகு வேலை (பிறர் சரக்குக்குச் சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்துகொடுக்கும் வேலை) பார்ப்பவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ‘பதிவு’ என்றால் எங்கள் ஆட்கள் ‘பதிவு செய்துகொண்டவர்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதி செய்யத் தேவையான அரசுக் குறியீட்டு எண்) வாங்கிய எல்லோரும் அப்படிப் பதிவு பெற்றவர்கள்தானே!

எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவன உரிமையாளர் இந்தச் சொல்லால்தான் மாட்டிக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் பொருத்த, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று சோதனைக் கருவி அனுப்பியது. அதற்கு இங்கே கிளை இல்லை, ஐஇசி இல்லை. அந்த நிறுவனம் இவரோடு போட்ட ஒப்பந்தத்தின் தமிழ்ச் சுருக்கத்தில் இவரை ‘பதிவு பெற்ற இறக்குமதியாளர்’ என்று குறித்திருந்தது. “நம்மிடம்தான் ஐஇசி இருக்கிறதே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பு, அவர் பெயரில் தாக்கலானது. ஒரு வருடம் கழித்து, சரக்கின் வகைப்பாடு தவறு, வரி குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று நோட்டீஸ் அவருக்கு வந்தது. சாதாரணமாக 2 ஆண்டு வரை, மோசடி அல்லது மறைப்பு என்றால் 5 ஆண்டு வரை இப்படிக் கேட்கலாம். அவர் படித்த சொல்லில் இதற்கான சாயலே இல்லை.

வரிக் கணக்கையும் பாருங்கள். சரக்கு மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரி 10,000, அதன் மேல் சமூகநல மேல்வரி 1,000. இந்த 1,11,000-க்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கும் விதிக்கப்படும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) 19,980. ஆக மொத்தம் 30,980. இதில் ஐஜிஎஸ்டியை மட்டும் உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது பின்னால் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் பில் ஆஃப் என்ட்ரியில் பெயர் உள்ள, ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்தான் எடுக்க முடியும். யார் பேரில் சரக்கு இறங்குகிறது என்பதுதான் எல்லாமே.

நம் 1962 சுங்கச் சட்டத்தில் ‘இம்போர்ட்டர் ஆஃப் ரெக்கார்ட்’ என்ற தொடர் இல்லை, அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் நம் சட்டமும் ‘இறக்குமதியாளர்’ என்பதற்குள் உரிமையாளரோடு, தன்னை இறக்குமதியாளர் என்று முன்னிறுத்திக்கொள்பவரையும் சேர்க்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அங்கேயே இருக்கிறது: முன்னே வந்து பொறுப்பை ஏற்பவர்.

சரி, மற்ற சொற்கள். ‘பெயர்தாங்கு இறக்குமதியாளர்’ என்றால் பினாமி வாடை அடிக்கிறது. நேர்மையாகச் செய்யும் தொழிலுக்கு அந்தப் பெயர் வேண்டாம். ‘பொறுப்பு இறக்குமதியாளர்’ எனக்கும் முதலில் பிடித்தது. அப்புறம் ‘பொறுப்பு ஆளுநர்’ நினைவுக்கு வந்தது. தற்காலிகமாக அந்த இடத்தில் இருப்பவர் என்றாகிவிடும். சுங்கத்தைக் குறிக்கும் குறளின் ‘உல்கு’ அழகான சொல்தான், ஆனால் ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்குப் போய் ‘உல்கு ஏற்பாளர்’ என்றால் யாருக்கும் புரியாது.

என் பரிந்துரை: இறக்குமதிப் பொறுப்பேற்பாளர். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “இந்தச் சரக்குக்கு இறக்குமதிப் பொறுப்பேற்பாளர் யார்?” கேட்ட உடனே, கையெழுத்துப் போடுகிறவர் ஒரு நிமிடம் யோசிப்பார். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இதைச் செய்துகொடுப்பதை ‘இறக்குமதிப் பொறுப்பேற்புச் சேவை’ எனலாம். ஏற்றுமதிக்கும் இதே அச்சில் வார்க்கலாம். சுங்கத் தரகர் வேறு, இவர் வேறு என்பதும் தெளிவாகிறது.

‘பொறுப்பேற்பாளர்’ என்பதைப் பதவியேற்பவர் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்ற ஒரு தயக்கம் எனக்கு உண்டு. உங்கள் காதுக்கு எப்படிப் படுகிறது? சுங்க வரியைத் ‘தீர்வை’ என்று எழுதும் இலங்கை நண்பர்களும் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஓர் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழாக்க வேண்டும், அதற்குள் முடிவானால் இந்தச் சொல்லையே அதில் போட்டுவிடுவேன்.