48.008 மெகாஹெர்ட்ஸ்: கிளாக் சில்லு பழுதா?

பழையபலகை:
வணக்கம். பென்டியம் 3 காலத்து மதர்போர்டு ஒன்றைச் சரிபார்த்து வருகிறேன். அதில் யுஎஸ்பி விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கப்பட்டு, சில நொடிகளில் தானாகவே மீண்டும் இணைகிறது. பலகையின் கடிகாரத் துடிப்புகளை உருவாக்கும் கிளாக் சிந்தசைசர் சில்லில், யுஎஸ்பிக்கான 48 மெகாஹெர்ட்ஸ் பின்னைக் கவுண்டரில் (அதிர்வெண் அளக்கும் கருவி) அளந்தபோது 48.008 என்று காட்டியது. சில்லை மாற்ற வேண்டுமா?

ஈயப்பற்று:
வேண்டாம். அந்த 0.008 பழுதன்று, கணக்கு. சில்லுக்கு ஆதாரமான 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் 3.579545 மெகாஹெர்ட்ஸைப் போல நான்கு மடங்கு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசி அதை மூன்றால் வகுத்துச் செயலிக்கு 4.77, நான்கால் வகுத்து வண்ணக் குறிகைக்கு 3.58, பன்னிரண்டால் வகுத்து டைமருக்கு 1.193 என்று பயன்படுத்திக்கொண்டது. அந்த வழக்கம் பின்னர் வந்த பலகைகளிலும் தொடர்ந்தது. அந்த 14.31818-ஐ 57-ஆல் பெருக்கி 17-ஆல் வகுத்தால் 48.008 வரும். சரியாக 48 வேண்டுமென்றால் விகிதம் 352/105 ஆக வேண்டும். அப்போது பிஎல்எல் (வெளியீட்டை ஆதாரத் துடிப்போடு ஒப்பிட்டுப் பூட்டி வைக்கும் சுற்று) ஒப்பிடும் அதிர்வெண் 842 கிலோஹெர்ட்ஸிலிருந்து 136-க்கு இறங்கிவிடுவதால், நடுக்கத்தை (துடிப்புகள் நேரத்தில் முன்பின் நகர்வதை) அடக்குவது கடினமாகும். இங்குள்ள பிழை பத்து லட்சத்தில் 167 பங்கு மட்டுமே. 12 மெகாபிட் யுஎஸ்பியோ 2500 வரை பொறுத்துக்கொள்ளும்.

அலைவரிசை77:
பயாஸில் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் (மின்காந்த இரைச்சலைக் குறைக்கக் கடிகார அதிர்வெண்ணைச் சற்றே அசைக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள்.

ஈயப்பற்று:
நிறுத்துவதால் தீங்கில்லை, பயனும் இராது என்றே நினைக்கிறேன். அந்த வசதி செயலி, பிசிஐ கடிகாரங்களைத்தான் அரை விழுக்காடு அளவுக்கு அசைக்கும். 48 மெகாஹெர்ட்ஸ் வழக்கமாகத் தனி பிஎல்எல்லிலிருந்து வருவது.

பழையபலகை:
விளக்கத்திற்கு நன்றி ஐயா. படிகத்தின் காலிலேயே அளந்தபோது 14.316 என்று சற்றுக் குறைவாகக் காட்டியதே?

ஈயப்பற்று:
ஆய்வுமுனையின் மின்தேக்கமும் படிகத்தின் சுமையோடு சேர்ந்துகொள்வதால் அதிர்வெண் இறங்கிவிடும். படிகத்தைத் தொடாமல், அதன் அதிர்வெண்ணைச் சில்லு வெளியே தரும் ரெஃப் பின்னில் அளப்பதே முறை. மேலும், ஒரு நொடி எண்ணும் கவுண்டர் நான்கு கோடியே எண்பது லட்சம் துடிப்புகளின் சராசரியைத்தான் சொல்லும். ஒவ்வொரு துடிப்பும் முன்பின் நடுங்கினாலும் அதில் தெரியாது. சில்லின் அனலாக் பகுதிக்கு மின்சாரம் வழங்கும் பின்னை ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். 3.3 வோல்ட்டில் அலைவு இருந்தால் பிஎல்எல் அதை அப்படியே நடுக்கமாக மாற்றிவிடும்.

பழையபலகை:
பார்த்தேன். அந்த மின்வழங்கலில் அலைவு கண்கூடாகத் தெரிந்தது. அருகிலிருந்த மின்தேக்கி ஒன்றின் தலை உப்பியிருந்தது. அதை மாற்றியபின் நேற்று மாலையிலிருந்து விசைப்பலகை ஒருமுறைகூடத் துண்டிக்கப்படவில்லை. கவுண்டர் இப்போதும் 48.008 என்றுதான் காட்டுகிறது.