அப்பாவுக்கு நெஞ்சுச்சளி இறுகிக் கிடக்கிறது, வெளியே எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

களுவாஞ்சிகுடி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் நெல் ஆலையில் வேலை செய்தவர், சுருட்டும் பிடித்தவர், விட்டு நாலு வருடமாகிறது. கிளினிக் கொப்பியில் சி.ஓ.பி.டி., அதாவது காற்றுப் போகிற வழி நிரந்தரமாக ஒடுங்கிப்போகிற சுவாசப்பை வருத்தம் என்று எழுதியிருக்கிறார்கள். போன வருடம் ஸ்கேன் எடுத்தபோது மூச்சுக்குழாய்கள் சில இடங்களில் விரிந்து போய் அதற்குள் சளி தேங்கி நிற்கிறது என்றும் சொன்னார்கள். மருந்தை வாயால் இழுக்கிற பம்ப் இரண்டு பாவிக்கிறார்.

பிரச்சினை காலையில்தான். நாலரைக்கு எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு இருமத் தொடங்கினால் ஆறு மணி வரைக்கும் இருமல்தான், கண் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, விலா நோகிறது என்று கையால் பிடித்துக்கொண்டு இருப்பார், கடைசியில் வருவது பசை மாதிரி ஒரு துளி. உள்ளே கறகறவென்று இழுப்பது பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்கும். பாமசியில் ஒரு இருமல் பாணி தந்தார்கள். குடித்த மூன்று நாளும் இருமல் நின்று நன்றாக நித்திரை கொண்டார், நாலாம் நாள் மூச்சு எடுக்க முடியாமல் வார்டில் சேர்க்க வேண்டி வந்தது. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

வேது பிடிக்கச் சொல்கிறார்கள், முதுகில் அடிக்கச் சொல்கிறார்கள், சித்தப்பா தலையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டுப் படுக்க வைக்கச் சொல்கிறார். மருந்தைப் புகைபோல ஆக்கித் தருகிற நெபுலைசர் மெஷினில் உப்புத்தண்ணீர் விட்டால் இளகும் என்று ஒருவர் சொன்னார். எதைச் செய்வது? இப்போது பெரும்போக அறுவடை முடிந்து சுற்றிவர வைக்கோல் எரிக்கிறார்கள், அந்தப் புகை வேறு.

அக்கரைப்பற்று அக்கா:

தங்கச்சி, நானும் இதே வருத்தக்காரிதான். இளவயதில் காசநோய் வந்து மாறியது, ஆனால் வலது பக்கக் கீழ்ச் சுவாசப்பையில் குழாய்கள் விரிந்தபடியே நின்றுவிட்டன, இருபது வருடமாகத் தினமும் சளி எடுக்கிறேன். அதனால் முதலில் ஒன்று சொல்கிறேன்: அப்பா அப்படிப் பலம் போட்டு இருமுவதை நிறுத்த வேண்டும். பலமாக இருமும்போது தளர்ந்து போன குழாய் நசுங்கி மூடிக்கொள்கிறது, சளி அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. ஒன்றரை மணித்தியாலம் இருமியும் ஒரு துளிதான் வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வாய்க்காலில் குப்பை அடைத்தால் முன்னால் நின்று எவ்வளவு இழுத்தாலும் வராது, பின்னால் தண்ணீர் சேர்ந்தால் தானாக நகரும். சளிக்குப் பின்னால் காற்றுப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ், அதாவது உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிறவர், சொல்லித் தந்தது இப்படி. கதிரையில் நிமிர்ந்து இருந்து, தோளைத் தளர்த்தி, வயிறு மெல்ல ஏறி இறங்க ஒரு நிமிடம் சும்மா மூச்சு விட வேண்டும். அப்புறம் மூக்கால் மெதுவாக, ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும் வரைக்கும் பிடித்து, தள்ளாமல் தானாக வெளியே விட வேண்டும். இப்படி மூன்று நாலு தரம் போதும், கூடினால் தலை சுற்றும். அந்த மூன்று எண்ணுகிற நேரத்தில்தான் காற்றுச் சளிக்குப் பின்னால் நுழைகிறது, அதைத் தவற விட வேண்டாம். திரும்பவும் சும்மா மூச்சு. பிறகுதான் ஊதுவது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க முதல் அதில் ஹா என்று ஊதுவோமே, அதே ஹா தான், ஆனால் வாயை நன்றாகத் திறந்து, வயிற்றை இறுக்கிக் கொஞ்சம் நீளமாக. முதலில் அரை மூச்சு எடுத்து நீண்ட ஹா, இது அடியில் கிடக்கிறதை மேலே கொண்டு வரும். தொண்டைக்குக் கிட்ட வந்து கறகற என்று கேட்டால் முழு மூச்சு எடுத்துக் குறுகிய, பலமான ஹா. அதற்குப் பிறகும் வராவிட்டால் ஒரேயொரு இருமல். வந்துவிடும்.

இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம் வரை செய்வேன், காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம். இரண்டு சுற்றுச் செய்தும் ஒன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுவேன். சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலமாவது போக வேண்டும். சளி இல்லாத நாளிலும் விடக் கூடாது, நான் இரண்டு தரம் நல்லாகிவிட்டது என்று விட்டுப் பார்த்தேன், இரண்டு தரமும் காய்ச்சலோடு வார்டுக்குப் போனேன்.

முதல் வாரம் அப்பாவுக்குப் பிடிபடாது, கோபப்படுவார். கூட இருந்து நீங்களும் செய்யுங்கள்.

சம்மாந்துறை நானா:

எங்கட உம்மாவுக்கு ஐம்பது வருட விறகடுப்புப் புகையால் வந்தது, சுருட்டே தொடாத மனிசி. அக்கா சொன்னதுக்கு மேல் நான் சொல்வது, எதை முதலில், எதைப் பிறகு செய்வது என்பதைப் பற்றி. எங்களுக்கு இது தெரியாமல் ஒரு வருடம் வீணாகப் போனது. முதலில் சல்பியூட்டமோல், அதாவது நீலப் பம்ப், ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவையில் வைத்து எடுக்க வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் போக விட்டால் இறுகிய குழாய் திறக்கும். டொக்டர் சேலைன், அதாவது மருந்து உப்புத்தண்ணீர், நெபுலைசரில் எடுக்க எழுதியிருந்தால் அது அடுத்தது, பிறகு இந்த ஹா ஊதுவது, சளியெல்லாம் வந்த பிறகு கடைசியாக ஸ்டீரோயிட் பம்ப், அதன் பிறகு வாய் கொப்பளிப்பது. சளியை வைத்துக்கொண்டு ஸ்டீரோயிட் பம்ப் அடித்தால் மருந்து சளியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உப்புத்தண்ணீரை வீட்டில் கரைத்து நெபுலைசரில் விடவே வேண்டாம், தங்கச்சி. கிருமி நேரே சுவாசப்பைக்குப் போகும். கிருமி நீக்கிய சேலைன்தான் பாவிக்க வேண்டும். சாதாரண சேலைன் 0.9 வீதம், சளியை நன்றாக இளக்குகிறது 3 வீதம், 7 வீதம் என்று செறிவு கூடியது. ஆனால் அந்தச் செறிவு சிலருக்கு நெஞ்சை இறுக்கிவிடும், அதனால் முதல் தரம் டொக்டருக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். உம்மாவுக்கு 3 வீதமே இறுக்கியது, சாதாரண சேலைனோடு நிறுத்திவிட்டார்கள். நெபுலைசர் கோப்பையை ஒவ்வொரு தரமும் கழுவிக் காய வையுங்கள்.

வேது பிடிக்கிறது தொண்டைக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், ஆழத்தில் இருக்கிற சளிக்கு அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. எங்கட வீட்டில் பானை சரிந்து உம்மாவின் தொடை வெந்தது, அதோடு விட்டுவிட்டோம்.

இன்னொன்று, பிசியோ காட்டித் தந்தது. ஒரு போத்தலில் பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, உள்விட்டம் ஒரு சென்ரிமீற்றர் அளவான குழாயை அடிவரைக்கும் இறக்கி, ஊத வேண்டும், குமிழி வரும். போத்தல் வாயை மூடக் கூடாது, காற்று வெளியே போக வேண்டும். மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு மூச்சு ஊதி, பிறகு இரண்டு ஹா. தண்ணீரின் எதிர்ப்பு குழாயைத் திறந்து பிடிக்கிறது, குமிழி அதிர்ந்து சளியை அசைக்கிறது. தண்ணீரை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். நீங்களாகத் தொடங்காமல் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், சளியில் இரத்தம் வருகிறவர்கள், சுவாசப்பையில் காற்றுக் கசிந்தவர்கள் ஊதக் கூடாது.

களுவாஞ்சிகுடி மகள்:

அக்கா, நானா, இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. நாங்கள் கண் முழித்தவுடன் இரண்டு பம்பையும் ஒன்றாக அடித்துவிட்டு இருமிக்கொண்டிருந்தோம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள், அப்பாவுக்கு இதயமும் கொஞ்சம் பலவீனம், கால் வீங்கும். அதோடு தலையைக் கீழே போடுகிற விஷயமும் தெரியவில்லை, சித்தப்பா விடமாட்டேன் என்கிறார்.

மட்டுநகர் ஓய்வு தாதி:

மகள், சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இதயம் பலவீனமானவரைத் தலைகீழாகப் படுக்க வைக்கவே கூடாது. மூச்சு முட்டும், நெஞ்செரிவு இருந்தால் வயிற்றில் இருக்கிறது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும். பக்கவாட்டில் மட்டமாகப் படுத்து, சளி கூடுதலாக உள்ள பக்கம் மேலே இருக்கும்படி செய்தால் போதும், எந்தப் பக்கம் என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லுவார்கள். அதுவும் அவருக்கு மூச்சு முட்டாவிட்டால் மட்டும். முதுகில் தட்டுவதையும் விடுங்கள், ஸ்டீரோயிட் குளிசை பல தரம் குடித்தவர்களின் எலும்பு மெலிந்திருக்கும், விலா வெடித்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரை இதய டொக்டர் சொன்ன அளவுக்கு மேல் போக வேண்டாம். அந்த அளவுக்குள் இளஞ்சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக, மல்லித் தண்ணியோ பிளேன்ரீயோ கொடுக்கலாம்.

அந்தப் பாணிப் போத்தலை எடுத்து வாசித்துப் பாருங்கள். கோடீன், டெக்ஸ்ட்ரோமெத்தோர்பன் இருந்தால் இருமலை அடக்கும், குளோர்பெனிரமின் இருந்தால் நித்திரை வரும், சளி காய்ந்து இறுகும். சளி தேங்குகிறவருக்கு இரண்டும் கூடாது. சளியை இளக்குகிறது புரோம்ஹெக்சின், கார்போசிஸ்டீன் போன்றவை. புரோம்ஹெக்சின் நம்முடைய ஆடாதோடையில் இருக்கிற வாசிசின் என்ற பொருளை வைத்து உருவாக்கியதுதான், அதற்காக ஆடாதோடைக் கசாயத்தையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வயிற்றுப்புண் இருந்தவர் என்றால் கார்போசிஸ்டீன் எழுத முதல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். சளி வழக்கத்தைவிடக் கூடினாலோ, வெள்ளை மாறி மஞ்சள் பச்சையானாலோ, மூச்சு முட்டுவது கூடினாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள். இரத்தம் வந்தால் உடனே. மெலிந்து போகிறார், பின்னேரத்தில் காய்ச்சல் என்றால் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் காசில்லாமல் செய்வார்கள். உதடு நீலமாகி, பேச முடியாமல், நித்திரை மயக்கமாகக் கதைத்தால் அம்புலன்சுக்கு 1990க்கு அடியுங்கள். வீட்டில் ஒட்சிசன் இருந்தால் பயத்தில் அளவைக் கூட்டிவிட வேண்டாம், சி.ஓ.பி.டி. உள்ள பலருக்கு விரலில் மாட்டிப் பார்க்கிற இரத்த ஒட்சிசன் அளவு 88இலிருந்து 92 வீதம் வரைதான் இலக்கு, அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமிலவாயு தேங்கி மயக்கம் வரும். அப்பாவுக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

வைக்கோல் எரிக்கிற நேரம் அந்தப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். கச்சான் காற்றுக் காலத்திலும் தூசு இதே பாடுதான்.

களுவாஞ்சிகுடி மகள்:

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு எழுதுகிறேன். பாணிப் போத்தலில் குளோர்பெனிரமின் இருந்தது, எறிந்துவிட்டேன். கிளினிக்கில் கேட்டு பிசியோவிடம் அனுப்பினார்கள், அவர் ஹா ஊதுவதை நேரில் பார்த்துத் திருத்தினார், அப்பா தோளைத் தூக்கிக்கொண்டு ஊதியிருக்கிறார். தண்ணீர்ப் போத்தலில் ஊதுவது இப்போதைக்கு வேண்டாம் என்றார். முதல் நாலு நாள் அக்கா சொன்னபடியே கோபப்பட்டார், ஐந்தாம் நாள் காலையில் மூன்றாவது சுற்றில் ஒரு கட்டியாக வந்தது, தானே கிண்ணத்தை எடுத்து எனக்குக் காட்டினார். இப்போது நாலரைக்கு எழும்பினால் ஐந்தேகாலுக்கு முடிகிறது, அதற்குப் பிறகு படலையடி வரைக்கும் நடந்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்கிறார். சளி பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம், முடிவு வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.