‘தி டூ டவர்ஸ்’: தொய்வு கதையிலா, திரைக்கதையிலா?

கேள்வி:
பீட்டர் ஜாக்சன் இயக்கத்தில் 2002இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் படமான ‘தி டூ டவர்ஸ்’ஐ அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் இன்றும் மலைக்க வைக்கிறது. ஆனால் தீய மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட ஃப்ராடோவும் அவன் தோழன் சாமும் வரும் பகுதிகளில், குறிப்பாகப் பிற்பாதியில், படம் தொய்ந்துவிடுகிறது. படத்துக்கு மூலமான டோல்கீனின் நாவலிலும் இப்படித்தானா?

முதல் பதில்:
இல்லை. டோல்கீன், ரோஹன் நாட்டுக்குத் துணைநிற்கும் வீரர் ஆரகோர்ன் தரப்பின் கதையை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகே ஃப்ராடோவின் பயணத்துக்கு வருகிறார். அந்தப் பயணம் ஷீலாப் என்னும் பெருஞ்சிலந்தியின் குகையில் உச்சம் அடைகிறது. படமோ கதைகளை மாற்றி மாற்றிக் காட்டுவதோடு, சிலந்தியையும் மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டது. அதனால் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்பும் சுமை, வழியில் ஃப்ராடோவையும் சாமையும் பிடிக்கும் படைத்தலைவர் ஃபாராமிர் மேல் விழுந்தது. நாவலில் மோதிரத்துக்கு ஆசைப்படாமல் அவர்களை வழியனுப்பி வைப்பவர், படத்தில் அவர்களைக் கைதிகளாக ஆஸ்கிலியாத் நகரம் வரை கொண்டுசெல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் என்பதால் இந்த மாற்றத்தை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் பதில்:
ஃபாராமிர் பற்றிய வருத்தம் எனக்கும் உண்டு. ஆயினும், கண்டவரையெல்லாம் மயக்கும் மோதிரம் ஒருவரை மட்டும் அசைக்காமல் விட்டால், திரையில் அதன் மீதான அச்சம் குறைந்துவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொய்வு என்று நீங்கள் சொல்லும் பகுதியில்தான், முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்கு அடிமையாகிப்போன கொல்லம் இருக்கிறான். ஆண்டி செர்கிஸ் படப்பிடிப்புத் தளத்திலேயே மற்றவர்களோடு நடித்து உருவாக்கிய அந்தப் பாத்திரம், இரவில் தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து வாதாடும் காட்சியில் கேமரா கோணம் மாறுவதைத் தவிர வேறெந்த வித்தையும் தேவைப்படவில்லை. இந்தப் படத்தில் நான் மறக்காத காட்சி போர் அன்று, அதுதான்.

மூன்றாம் பதில்:
போரிலும் குறைகள் உண்டு. நாவலில் எல்ஃப் இனத்தவரின் படை ஹெல்ம்ஸ் டீப்புக்கு வருவதே இல்லை. தனித்து விடப்பட்ட ரோஹன் மக்களின் துணிவு, அந்த உதவி வந்து சேர்ந்ததும் சற்றே நீர்த்துப்போகிறது. ஆரகோர்ன் மலை விளிம்பிலிருந்து விழுவதும் படத்துக்காகச் சேர்க்கப்பட்டதே; அவர் பிழைத்து வருவார் என்று அனைவருக்கும் தெரியும் என்பதால் அங்கே பதற்றம் எழவில்லை. மாறாக, போர் தொடங்குவதற்கு முந்தைய காத்திருப்பு அபாரமானது. மழையில் எதிரிப்படை எழுப்பும் முழக்கத்துக்காக, வெலிங்டனில் கிரிக்கெட் பார்க்க வந்திருந்த ரசிகர் கூட்டத்தையே ஆட்ட இடைவேளையில் முழங்க வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஒலித்தொகுப்புக்காக இந்தப் படம் ஆஸ்கர் பெற்றது முற்றிலும் தகும்.