டைரனோசர் பொம்மைக்குக் காத்திருக்கும் கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து

என் அலமாரியில் இப்போது 4 டி-ரெக்ஸ் நிற்கின்றன. "நிற்கின்றன" என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது, இன்னொன்றுக்கு வாலுக்கடியில் தீப்பெட்டி முட்டுக் கொடுத்திருக்கிறேன். மூட்டு அசையும் டைரனோசர் பொம்மை வாங்கிய எல்லோருக்கும் இந்த வேதனை தெரியும். மொத்த எடையும் இரண்டு கணுக்காலில் இறங்குகிறது. வாங்கிய அன்று கம்பீரமாக நிற்கும். ஜூலை வெயில் ஜன்னல் வழியாக நாலு நாள் பட்டால் பிளாஸ்டிக் இளகி, மெல்ல மெல்லத் தலை தாழும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தடாலென்று சத்தம். திருடன் என்று நினைத்து மட்டையோடு இறங்கி வந்தேன். கீழ்த்தட்டில் இருந்த மூன்று கொம்பன்களையும் (கொம்புள்ள டைனோசர் பொம்மைகள்) சாய்த்துக்கொண்டு தரையில் கிடந்தது ரெக்ஸ்.

இவ்வளவு பட்டும் ஏன் புது டைரனோசர் வரிசைக்குக் காத்திருக்கிறேன்? சிற்பி டேவிட் சில்வாவின் பீஸ்ட்ஸ் ஆஃப் தி மெசோசோயிக் என்ற பொம்மை வரிசையின் ராப்டர்கள் (இறகுள்ள வேட்டை டைனோசர்கள்) 2016இல் ரசிகர்களிடம் திரட்டிய கூட்டு நிதியில் தொடங்கியபோதே பிடித்த பைத்தியம் இது. அந்த ராப்டர்கள் நிஜ உருவத்தில் ஆறில் ஒரு பங்கு அளவு. அடுத்து வந்த கொம்பன்கள் பதினெட்டில் ஒரு பங்கு. முதலில் இந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12.3 மீட்டர் டி-ரெக்ஸை ஆறில் ஒரு பங்கில் செய்தால் இரண்டு மீட்டர் தாண்டும். அதைப் பொம்மை என்று சொல்ல முடியாது, வீட்டில் இன்னொரு ஆள். பதினெட்டில் ஒரு பங்கென்றால் 68 சென்டிமீட்டர். அதற்கே என் அலமாரியில் ஒரு தட்டைக் கழற்ற வேண்டும்.

ஆனால் எனக்கு வேண்டியது ரெக்ஸ் இல்லை, அதன் சொந்தக்கார டைனோசர் டிரிப்டோசாரஸ். எங்கள் ஊர்க்காரன். 1866இல் இங்கே தெற்கு ஜெர்சியில் உரத்துக்காகப் பச்சை மண் வெட்டிக்கொண்டிருந்த குழியில் தொழிலாளர்கள் கையில் அதன் எலும்புகள் சிக்கின. தொல்லுயிர் விஞ்ஞானி எட்வர்ட் கோப் அதற்கு லேலாப்ஸ் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒரு சின்னஞ்சிறு உண்ணிக்கு வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், 1877இல் அவருடைய பரம எதிரி மார்ஷ் டிரிப்டோசாரஸ் என்று மாற்றினார். எதிரி கையால் பெயர் மாறுவதைவிட ஒரு விஞ்ஞானிக்கு என்ன அவமானம் வேண்டும்?

தெற்கு ஜெர்சியின் மான்டுவாவில் ஃபாசில் பார்க் (புதைபடிவப் பூங்கா) அருங்காட்சியகம் 2025இல் திறந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பழைய குழியும் அந்த வட்டாரத்தில்தான். டிரிப்டோசாரஸின் கை நகம் 21 சென்டிமீட்டர் என்று மகளிடம் சொன்னேன். அவள் தன் முழங்கையிலிருந்து விரல்வரை அளந்து, "பொம்மையில் எவ்வளவு வரும்?" என்று கேட்டாள். சுமார் 1.2 சென்டிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். அன்றிலிருந்து அவளும் காத்திருக்கிறாள்.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

ஸ்கார்பரோ, டொரன்டோவிலிருந்து

அண்ணை, உங்கட தீப்பெட்டி வைத்தியத்துக்கு ஒரு மாற்று இருக்கு. தளர்ந்த மூட்டைக் கழற்றி, உருண்டையில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகப் பூசி, ஒரு இரவு முழுக்கக் காயவிட்டுத் திரும்பப் பொருத்துங்கோ. பூசின கையோடு பொருத்தினால் ஒட்டிப்போகும். அந்தத் தவறை நான் செய்து ஒரு கால் முறிந்தது. வளைந்த வாலுக்குச் சுடுதண்ணி, நிமிர்த்தினவுடன் ஐஸ் தண்ணி. மனிசியின் நகப்பூச்சை எடுத்ததற்கு வாங்கின ஏச்சை இங்கே எழுதவில்லை.

நான் காத்திருப்பது டி-ரெக்ஸின் சொந்தக்காரனான அல்பெர்டோசாரஸுக்கு. 1884இல் கனடாவின் நிலவியலாளர் ஜோசப் டிரெல் நிலக்கரி தேடிப்போன இடத்தில் அதன் மண்டையோட்டைக் கண்டார். பெயர் கிடைத்தது 1905இல், அல்பெர்டா மாகாணமே பிறந்த அதே ஆண்டில். அதே 1905இல்தான் டி-ரெக்ஸுக்கும் பெயர் வைத்தார்கள், இரண்டுக்கும் பெயர் வைத்த ஆளும் ஒருவர்தான், ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. ஒன்று உலகப் புகழ் பெற்றது, மற்றது ஒரு மாகாணத்தின் பெயரோடு நின்றுவிட்டது.

போன கோடையில் அல்பெர்டாவில் இருக்கிற டிரம்ஹெல்லருக்குப் போனோம். அங்கே அந்த டிரெல் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் என் கால் ஒரு மணித்தியாலம் நகரவில்லை. அல்பெர்டோசாரஸுகள் ஒன்றல்ல, கூட்டமாகக் கிடந்த இடமொன்றை புதைபடிவம் தேடும் பார்னம் பிரவுண் 1910இல் கண்டுபிடித்தார். பிறகு அந்த இடம் எங்கே என்றே ஒருவருக்கும் தெரியாமல் போனது. 1997இல் டைனோசர் ஆய்வாளர் ஃபிலிப் கரியின் குழு பழைய படங்களை வைத்துத் தேடிப்பிடித்தது. கூட்டமாகச் செத்ததால் கூட்டமாகத்தான் வாழ்ந்தன என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு பொம்மை போதாது என்று மனிசிக்குச் சொல்ல அது நல்ல சாட்டு.

சிகாகோவிலிருந்து

நான் ரெக்ஸ் கட்சி. மன்னிக்கவும்.

வேலை முடிந்து ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போவேன். 1990இல் தெற்கு டகோட்டாவில் கிடைத்த, சூ என்று பெயர் வைத்த டி-ரெக்ஸ் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது. 1997 ஏலத்தில் 83 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். முன்பெல்லாம் நடுக்கூடத்தில் ஒல்லியாக நிற்கும். 2018இல் தனி அறைக்கு மாற்றியபோது வயிற்றடி எலும்புகளையும் சேர்த்துப் பொருத்தினார்கள். மறுபடி போய்ப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொப்பை! நம் வீட்டுத் திருமணங்களில் பந்திக்கு முதல் ஆளாக உட்காரும் மாமாக்களின் அதே உடல்வாகு.

அன்று வீட்டுக்கு வந்து என் பழைய பொம்மைகளைப் பார்த்தேன். எல்லாம் பட்டினி கிடந்தவை. விலா தெரிகிறது, இடுப்பு ஒட்டியிருக்கிறது. அதனால் புதிய வரிசையின் மாதிரிப் படங்கள் வந்தால் நான் முதலில் பார்ப்பது பல்லை இல்லை, வயிற்றை. இரண்டாவதாக உதட்டை. 2023இல் வந்த ஆய்வு, வாயை மூடினால் பல் வெளியே தெரியாது, பல்லியைப் போல உதடு மூடியிருக்கும் என்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. என் நண்பர் ஒருவர் அதற்காகவே ப்ரீ-ஆர்டரை ரத்து செய்தார். "பல்லைக் காட்டாத ரெக்ஸுக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்கிறார். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

சென்னையிலிருந்து

நீங்கள் எல்லோரும் மூட்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எங்கள் கவலை வேறு சார். பொம்மைக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. ஆக, இங்கே டைரனோசர் கடல் தாண்டி வருவது அக்கா மகனின் சூட்கேஸில்தான். 68 சென்டிமீட்டர் ரெக்ஸ் அவன் பெட்டியில் நுழையாது. வாலைக் கழற்றி, டப்பாவைத் தட்டையாக மடித்து, துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருவதாக ஒப்பந்தம். டப்பா கசங்கினால் எனக்கு உயிர் போகும். அதை அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை.

சின்னதாக ஒரு அனுபவம். பொம்மையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பையன், "இது நம்ம ஊர்ல இருந்துச்சா அங்கிள்?" என்று கேட்டான். இல்லைப்பா, டைரனோசர் கூட்டம் வட அமெரிக்கா, ஆசியாப் பக்கம். அப்போது இந்தியா தனித்தீவாகக் கடலில் மிதந்துகொண்டிருந்தது, இங்கே நர்மதைக் கரையில் ராஜாசாரஸ் என்ற வேறொரு வேட்டை டைனோசர் இருந்தது என்றேன். "அப்போ ராஜாசாரஸ் பொம்மை எங்கே?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. உங்களில் யாராவது அந்தச் சிற்பிகளிடம் கேளுங்களேன்.

மீண்டும் எடிசனிலிருந்து

நகப்பூச்சு வேலை செய்கிறது, நன்றி தம்பி. தீப்பெட்டிக்கு ஓய்வு கொடுத்தாயிற்று.

சிகாகோ நண்பருக்கு ஒரு செய்தி. என் 4 ரெக்ஸில் சின்னதற்கு அடியில் "குட்டி ரெக்ஸ்" என்று சீட்டு ஒட்டியிருந்தேன். 2025 அக்டோபரில் நேச்சர் அறிவியல் இதழில் வந்த கட்டுரை, அந்த மாதிரி எலும்புக்கூடு ஒன்று குட்டியே இல்லை, கிட்டத்தட்ட வளர்ந்து முடிந்த நேனோடைரனஸ் என்ற வேறு இனம் என்கிறது. மகள் சீட்டைக் கிழித்துவிட்டு "நேனோ" என்று எழுதி ஒட்டினாள். ஒரு காசு செலவில்லாமல் என் சேகரிப்பில் ஒரு இனம் கூடிவிட்டது.

அப்புறம் கொலு. நவராத்திரிக்கு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மகள் தன் டைனோசர்களையும் படியில் வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எந்தப் படி என்பதில்தான் சண்டை. மகள், "இறகு இருந்திருக்கு பாட்டி, பறவைக்குச் சொந்தம்" என்கிறாள். அம்மா, "முதலை மாதிரி இருக்கு, என்னடி பறவை?" என்கிறார். 2012இல் சீனாவில் பெயரிட்ட, உடம்பெல்லாம் தூவியோடு இருந்த 9 மீட்டர் யூடைரனஸ் என்ற டைரனோசரின் படத்தைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மிருகமோ பறவையோ, ரெண்டுக்கும் அஞ்சறிவுதானே? அஞ்சாம் படியில வை."

அங்கே நேனோவை நிறுத்தி, பக்கத்தில் டிரிப்டோசாரஸுக்காக ஒரு சாண் இடம் காலியாக விட்டோம். சாயங்காலம் வந்து பார்த்தால், இடம் வீணாகிறதே என்று அம்மா அங்கே ஒரு பசுவையும் கன்றையும் வைத்திருந்தார், நேனோவின் வாய்க்கு நேர் எதிரே.