பீடியை விட்ட அப்பாவுக்குச் சர்க்கரை ஏறுகிறது: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை நோய் வந்து 11 வருடம். முப்பது வருடமாகப் பிடித்த பீடியை விட்டு இன்றோடு 24 நாள். குளிருக்கு இதமாக இருக்கிறது என்றுதான் பழகினாராம்; இங்கே எல்லோரும் சொல்கிற சாக்கு!

சிக்கல் இதுதான். பீடி போன இடத்தில் வர்க்கி (இங்கே கிடைக்கும் மொறுமொறு பிஸ்கட்) வந்துவிட்டது. பனி இறங்கும் நேரத்தில் வாய் சும்மா இருக்க மறுக்கிறது. எடை இரண்டு கிலோ கூடி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-லிருந்து 168 ஆகிவிட்டது. "பார், பீடிதான் சர்க்கரையை அடக்கி வைத்திருந்தது" என்கிறார்.

விட்ட புதிதில் சர்க்கரை சற்று ஏறலாம், பிறகு சரியாகும் என்று படித்தேன். கணையம், கல்லீரல், குடல் புற்றுநோய்க்குச் சர்க்கரை நோயே ஆபத்தைக் கூட்டுகிறது. அதன்மேல் புகையும் வேண்டுமா? புகையை விட்டுப் பத்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ பாதியாகும் என்றேன். "அப்போது எனக்கு 68" என்று சிரிக்கிறார்.

புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் பேச வைத்தேன்; பொறுமையாகப் பேசினார்கள். நிக்கோட்டின் சூயிங்கம்மைச் சர்க்கரை நோயாளிகள் யாராவது மருத்துவர் சொல்லிப் பயன்படுத்தியிருக்கிறீர்களா? குன்னூர், ஊட்டியில் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்குமா, கோவைக்குத்தான் இறங்க வேண்டுமா? வர்க்கிக்குப் பதில் எதைக் கொறிக்கக் கொடுத்தீர்கள்? சுண்டலை ஏற்கெனவே வெறுத்துவிட்டார்.